கறுப்பு கண்ணைக் காக்காது

வெயிலில் கண் கூசுகிறது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். வீட்டிலும் அலுவலகத்திலும் நடைபாதைக் கடையிலும் கிடைக்கும் யோசனை ஒன்றுதான்: "நல்லா கறுப்பா ஒரு கூலிங் கிளாஸ் வாங்கிப் போடு." கடைக்காரர் நான்கைந்து கண்ணாடிகளை எடுத்து முன்னால் வைத்தால், அவற்றில் மிக இருண்டதை நோக்கித்தான் கை போகிறது. இருட்டு கூடக் கூடப் பாதுகாப்பும் கூடும் என்பது படித்தவர், படிக்காதவர் வித்தியாசமில்லாமல் எல்லோரிடமும் ஊறிப்போன நம்பிக்கை. அது தவறு. கண் கூச்சத்தால் நாள்தோறும் அவதிப்படுகிறவர்களுக்குத் தீங்கே செய்கிற தவறு என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

லென்ஸின் கறுப்பு, கண்ணுக்குத் தெரிகிற ஒளி எவ்வளவு குறைகிறது என்பதை மட்டுமே காட்டும். கண்ணைக் காலப்போக்கில் கெடுக்கிற புற ஊதாக் கதிர்களோ அலைநீளத்தில் 400 நானோமீட்டருக்குக் கீழே, நம் பார்வைக்கு எட்டாத இடத்தில் இருப்பவை. அவற்றைத் தடுப்பது சாயம் அல்ல. லென்ஸ் எந்தப் பொருளால் ஆனது, அதில் என்ன கலந்திருக்கிறார்கள், மேலே என்ன பூசியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. தண்ணீரில் உப்பு கரைந்திருக்கிறதா என்று அதன் நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததைப் போலத்தான் இதுவும். துளியும் நிறமில்லாத பாலிகார்பனேட் லென்ஸ் புற ஊதாக் கதிர்களை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். தடுப்பு சேர்க்கப்படாத வேறொரு பிளாஸ்டிக்கில் அடர்கறுப்புச் சாயம் ஏற்றினாலும், அந்தக் கதிர்களில் ஒரு பங்கு உள்ளே வந்துகொண்டே இருக்கும்.

அப்படி வரும்போது நடப்பது இன்னும் மோசம். வெறுங்கண்ணோடு வெயிலில் நிற்கிறவருக்குக் கண்பாவை தானாகச் சுருங்குகிறது, இமை இடுங்குகிறது, புருவம் இறங்கி நிழல் தருகிறது. உடம்பே செய்துகொள்ளும் காவல் இது. இருண்ட லென்ஸுக்குப் பின்னால் போனதும் கண் ஏமாந்துவிடுகிறது. வெளியே நடுப்பகல், உள்ளே அந்திநேரம். கண்பாவை விரிகிறது, இமை தளர்கிறது. கதிர்த்தடுப்பு இல்லாத லென்ஸாக இருந்தால், விரிந்த வாசல் வழியாக அந்தக் கதிர்கள் தாராளமாக நுழைகின்றன. கண்புரைக்கும், கருவிழி ஓரத்தில் சதை வளர்வதற்கும், இமைத் தோலில் வரும் புற்றுநோய்க்கும் புற ஊதாக் கதிர் ஒரு காரணம் என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட செய்தி. பாதுகாப்பு என்று நம்பிப் போட்டுக்கொண்ட பொருளே அந்தக் கதிர்களுக்குக் கதவைத் திறந்துவிடுவதைவிட வேறு அநியாயம் என்ன இருக்கிறது?

வெளிச்சத்தின் வலு பற்றிய நம் கணக்கும் கண்ணை நம்பியே இருக்கிறது. மெல்லிய மேகம் புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதியை அப்படியே கீழே விட்டுவிடும். ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் அவற்றின் வலு சுமார் 10 சதவீதம் கூடும். ஊட்டி 2,200 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கிறது. குளிர்கிறது, வெயில் உறைக்கவில்லை, ஆகவே கண்ணாடி வேண்டாம் என்று அங்கே கழற்றி வைக்கிறோம். கீழே சமவெளியில், மாலை ஆறரை மணிக்கு, அதே கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைக் ஓட்டுகிறோம். இரண்டும் தலைகீழ்.

இருட்டே காப்பு அல்ல என்பதை வடதுருவப் பகுதியின் இனுயிட் மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்து காட்டியிருக்கிறார்கள். புதுப்பனி புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பியடிக்கும். பாதுகாப்பில்லாமல் அதில் நடப்பவருக்குச் சில மணி நேரத்தில் கருவிழி வெந்து, கண்ணைத் திறக்கவே முடியாமல் போகும். அவர்கள் எலும்பிலும் தந்தத்திலும் மரத்திலும் முகத்தோடு ஒட்டி உட்காரும் கவசம் செய்து, அதில் மெல்லிய கிடைக்கோடாக ஒரு கீறலை மட்டும் விட்டார்கள். லென்ஸ் கிடையாது, சாயம் கிடையாது. மேலும் கீழும் பக்கவாட்டிலும் இருந்து வரும் ஒளியை அடைத்துவிட்டால் கண் பிழைத்துக்கொள்ளும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நாம் வாங்கும் கண்ணாடிகளில் அந்தப் பக்கவாட்டுக்குத்தான் மதிப்பே இல்லை. நெற்றிப்பொட்டுப் பக்கமிருந்து சாய்வாக வரும் ஒளியை வளைந்த கருவிழி ஒரு லென்ஸைப் போலக் குவித்து, மூக்கை ஒட்டிய ஓரத்தில் பல மடங்கு வலுவாக விழச் செய்கிறது. ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் மினாஸ் கொரோனியோ இதை விளக்கிக் காட்டியவர். கண்ணில் சதை வளர்வது பெரும்பாலும் ஏன் மூக்குப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறது என்பதற்கு இது பதில் தருகிறது. முகத்தைவிட்டு ஒரு விரல் தள்ளி நிற்கும் சின்ன வட்டக் கண்ணாடி எவ்வளவு கறுப்பாக இருந்தாலும், இந்தச் சாய்வு ஒளிக்கு அது தடையே இல்லை. ஒளி தாங்காத கண்களுக்கு முதல் தேவை, காதுப்பக்கம் வரை வளைந்து வரும் அகலமான சட்டம். கூடவே, விளிம்புள்ள ஒரு தொப்பி. தொப்பியின் பலனை நாம் மதிப்பதே இல்லை.

இருட்டுக்கு ஓர் அளவுகோலும் உண்டு. சர்வதேசத் தர நிர்ணயமான ஐஎஸ்ஓ 12312-1 கூலிங் கிளாஸை 0 முதல் 4 வரை பிரிக்கிறது. 2 என்றால் ஒளியில் 18 முதல் 43 சதவீதம் உள்ளே வரும். 3 என்றால் 8 முதல் 18. 4 என்றால் 3 முதல் 8 மட்டும். நம் ஊர் வெயிலுக்கு 3 போதும், பலருக்கு 2 கூடப் போதும். 4 என்பது பனிமலைக்கும் பனிப்பாறைக்கும் உரியது. அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது என்று அந்தத் தரமே சொல்கிறது. நம் கடைகளில் "இதைவிடக் கறுப்பா இருக்கா?" என்று கேட்டு வாங்குகிறவர் இந்த நான்காம் எண்ணைத்தான், தெரியாமல், தேடிக்கொண்டிருக்கிறார். சட்டத்தின் உட்புறக் காம்பில் இந்த எண் அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் நமக்கு வர வேண்டும்.

இனி, உண்மையிலேயே கண் கூசுகிறவர்களைப் பற்றி. இந்த நம்பிக்கை அவர்களுக்குச் செய்யும் கெடுதல்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வெளியே போட்ட அடர்கறுப்புக் கண்ணாடி கொஞ்சம் இதமாக இருக்கிறது. அடுத்து, வீட்டுக்குள்ளும் போட்டுக்கொள்கிறார்கள். டியூப் லைட் கூசுகிறது, டிவி கூசுகிறது, ஜன்னல் கூசுகிறது. இருட்டில் நெடுநேரம் இருக்கும் விழித்திரை அந்த இருட்டுக்கே தன்னைப் பழக்கிக்கொள்ளும். அதன் பிறகு சாதாரண வெளிச்சமே தாங்காது. ஒற்றைத் தலைவலிக்காரர்களிடம் கண் மருத்துவர்களும் நரம்பியல் மருத்துவர்களும் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி போடாதீர்கள், கூச்சம் வளரும். ஆனால் அக்கம்பக்கத்தின் யோசனை நேரெதிராக, "இன்னும் கறுப்பா வாங்கு" என்கிறது. மருந்து என்று நினைத்துக்கொண்டு நோயை வளர்க்கிறோம்.

அப்படிப்பட்டவர்களுக்கு இருட்டைவிட நிறம் உதவக்கூடும். எஃப்எல்-41 என்ற ரோஜா நிறச் சாயம் ஒற்றைத் தலைவலிக்காரர்களிடம் பயன் தருவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நீலமும் நீலப்பச்சையும் கலந்த பகுதியை அது வடிகட்டுகிறது. விழித்திரையில் ஒளி-வலிப் பாதையோடு தொடர்புள்ள மெலனாப்சின் செல்களை அந்தப் பகுதியில் அடங்கும் சுமார் 480 நானோமீட்டர் ஒளிதான் அதிகம் தூண்டுகிறது. உள்ளே ஒளி நிறைய வருகிறது, உறுத்துகிற பகுதி மட்டும் குறைகிறது. கண் இருட்டுக்குப் பழகுவதில்லை. எல்லோருக்கும் இது கேட்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக்குள் கறுப்பை மாட்டிக்கொண்டு உட்காருவதைவிட இது அறிவுள்ள வழி.

கண் கூச்சம் தனி நோய் அல்ல, ஓர் அறிகுறி என்பதும் இந்தக் கறுப்பு மோகத்தில் மறைந்துபோகிறது. கண் வறட்சி, கருவிழிக் கீறல், கண்ணின் உள்ளழற்சி, ஒற்றைத் தலைவலி, தலையில் பட்ட அடி, சில மாத்திரைகள் என்று பலவும் இதைக் கொண்டுவரும். உள்ளழற்சியைக் கவனிக்காமல் விட்டால் பார்வையே போகலாம். திடீரென்று தொடங்கிய கூச்சம், அதோடு வலி, சிவப்பு, மங்கல் என்றால் போக வேண்டிய இடம் கண் மருத்துவமனை, கண்ணாடிக் கடை அல்ல. மெட்ராஸ் ஐ வந்தவர் கறுப்புக் கண்ணாடி போட்டால் பிறருக்குத் தொற்றாது என்று நம்புகிறோமே, அதுவும் இதே இனத்து மயக்கம். அந்தக் கிருமி பார்வையால் பரவுவதில்லை. கையாலும் துண்டாலும் தலையணை உறையாலும் பரவுகிறது. கண்ணாடியை நம்பிக் கை கழுவாமல் இருந்தால் வீடு முழுக்கச் சிவக்கும்.

நிறமிக் குறைபாட்டோடு பிறக்கும் பிள்ளைகளின் நிலை இன்னும் வேறு. அவர்களுக்குக் கூச்சம் நாள்பட்டது, பார்வையும் குறைவு. அடர்கறுப்பைப் போட்டுவிட்டால் கரும்பலகையில் இருப்பது கொஞ்சநஞ்சமும் தெரியாமல் போகும். அவர்களுக்கு வேண்டியது வெளியே ஒன்று, வகுப்பறையில் மெல்லிய சாயமுள்ள இன்னொன்று, தலையில் தொப்பி. அந்தப் பிள்ளை வகுப்பில் கண்ணாடியும் தொப்பியும் போட்டுக்கொள்வதை ஒழுக்கக்கேடு என்று கழற்றச் சொல்லும் ஆசிரியர்கள் இனியாவது அதை விட்டுவிட வேண்டும்.

விலையைப் பற்றிய மூடநம்பிக்கை இதன் இரட்டைப்பிள்ளை. ஆயிரக்கணக்கில் கொடுத்தால்தான் காப்பு, இல்லாவிட்டால் வெறுங்கண்ணே மேல் என்கிறார்கள். விலையும் கறுப்பும் பாதுகாப்பின் அடையாளம் அல்ல என்று அமெரிக்கக் கண் மருத்துவக் கழகமே மக்களுக்குச் சொல்லிவருகிறது. ரே-பேன், ஓக்லி, பெர்சால் என்று தனித்தனிக் குலம்போல நாம் பேசும் பெயர்கள் எல்லாம் எஸ்ஸிலோர்லக்ஸோடிகா என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. அந்தப் பெயருக்குத் தரும் பணத்தில் கண்ணுக்குச் சேர்வது சிறு பங்கு. இருநூறு ரூபாய்க் கண்ணாடி மோசமாகத்தான் இருக்கும் என்றும் இல்லை, நன்றாக இருக்கும் என்றும் இல்லை. அளந்து பார்க்க வேண்டும். யுவி 400 என்ற ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் அச்சடித்து ஒட்டலாம். ஆனால் பல ஆப்டிகல் கடைகளில் புற ஊதாத் தடுப்பை அளக்கும் சின்னக் கருவி இருக்கிறது. ஒரு நிமிட வேலை. நடைபாதையில் வாங்கியதையும் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

உழைக்கும் கண்ணாடி வேண்டுமென்றால் பாதுகாப்புச் சாதனங்கள் விற்கும் கடைகளுக்குப் போங்கள் என்பேன். வெல்டிங் கையுறையும் ஹெல்மெட்டும் விற்கும் இடத்தில் புகைநிற லென்ஸ் போட்ட பாலிகார்பனேட் கண்ணாடிகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. பக்கவாட்டை மூடும்படி வளைந்தவை, கல் தெறித்தாலும் சிதறாதவை. பவர் கண்ணாடிக்கு மேலேயே மாட்டிக்கொள்ளும் பெரிய வகையும் உண்டு. ஸ்டைல் குறைவு என்பதைத் தவிர அவற்றின்மேல் சொல்லக் குறை இல்லை. பாலிகார்பனேட் எளிதில் உடையாது, ஆனால் கீறல் விழும். சட்டைத் துணியால் தூசியோடு துடைப்பதை நிறுத்தி, முதலில் தண்ணீரில் கழுவினால் அதன் ஆயுள் கூடும். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் விட்டுவிட்டால் மேற்பூச்சு வெடித்துவிடும். சட்டத்துக்கு நைலான் வகை நல்லது. வேர்வை உப்பில் மெல்லிய உலோகக் கீல் அரித்துப்போகும். கையை நீட்டிப் பிடித்து, லென்ஸ் வழியாகக் கதவு நிலையின் நேர்கோட்டைப் பாருங்கள். கோடு நெளிந்தால் வாங்காதீர்கள், தலைவலிதான் மிச்சம்.

ஈர ரோட்டின் பளபளப்பும் கடல்நீரின் மினுமினுப்பும்தான் உறுத்துகிறது என்றால் போலரைஸ்டு லென்ஸ், நடுத்தர நிறத்திலேயே, அடர்கறுப்பு தராத இதத்தைத் தரும். பல செல்போன் திரைகளுக்கு முன் பிடித்துச் சுழற்றினால் திரை இருண்டு தெளியும், அதுதான் அடையாளம். வெயிலில் தானே கறுக்கும் லென்ஸுக்கு அதிக விலை கொடுக்கும் முன் ஒன்றை யோசியுங்கள். சூடு கூடினால் அது குறைவாகத்தான் கறுக்கும். காருக்குள்ளோ, முன்கண்ணாடி புற ஊதாக் கதிர்களைத் தடுத்துவிடுவதால், பெரும்பாலும் கறுக்கவே கறுக்காது. நம் சித்திரை வெயிலுக்கு ஏற்ற பொருள் அல்ல அது.

இத்தனையும் கடைக்குப் போய்த் தேர்ந்தெடுக்க முடிகிறவர்களுக்கு. தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பளங்களில் உழைக்கிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. மேலே சூரியன், கீழே பாத்தி முழுக்க வெள்ளை உப்பு, இரண்டு பக்கமிருந்தும் ஒளி அடிக்கிற இடம் அது. அங்கே ஒரு பெண் கண்ணாடி போட்டுக்கொண்டால் "இவளுக்கு ஸ்டைலைப் பாரு" என்று பேச்சு வருமென்றால், கூலிங் கிளாஸை ஆடம்பரம் என்று ஆக்கிவைத்திருக்கும் நாம் எல்லோரும் அதற்குப் பொறுப்பு. கொடுத்தாலும் அவர்கள் போடுவதில்லை என்று முதலாளிகள் சொன்னால், எதைக் கொடுத்தீர்கள் என்று கேட்க வேண்டும். வழுக்கும் வரப்பில் கால் வைக்கிற இடம் தெரியாத அளவுக்குக் கறுப்பான ஒன்றை, வேர்வையில் ஆவி படிந்து மங்குகிற ஒன்றை யாரும் போட மாட்டார்கள். நடுத்தரச் சாம்பல் நிறம், பாலிகார்பனேட் லென்ஸ், காற்று புக இடம்விட்ட வளைந்த சட்டம், பின்னால் ஒரு கயிறு: இப்படி ஒன்று ஒவ்வொருவருக்கும் வேண்டும். லென்ஸ் கீறி மங்கியதும் வேறொன்று வேண்டும். அதற்கான பணத்தைக் கூலியில் பிடிக்கக் கூடாது.