ஸ்ரீவில்லிபுத்தூர் தேர் வீதிக்கு 'இம்மெர்சிவ்' ஷோ தேவையா?

ஆடிப்பூரம் நெருங்கினால் சென்னை, பெங்களூருவில் வேலை பார்க்கும் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பசங்க பஸ் டிக்கெட் தேட ஆரம்பித்துவிடுவார்கள். நகரத்து மியூசிக் ஃபெஸ்டிவலில் ராட்சத எல்.இ.டி. சுவர் முன்னால் நின்று ரீல்ஸ் போடுவதும் இதே பசங்கதான். 'இது நம்ம ஊர்த் திருவிழாவுக்கும் வந்தா செமயா இருக்குமே' என்று தோன்றுவது இயல்பு. வரட்டும். ஆனால், எப்படி வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

'இம்மெர்சிவ்' என்றால் என்ன?

பார்ப்பவரைப் படத்துக்கு முன்னால் உட்கார வைக்காமல், படத்துக்கு நடுவே நிறுத்துவது. லாஸ் வேகாஸில் 2023 செப்டம்பரில் திறக்கப்பட்ட 'ஸ்பியர்' அரங்கில் சுமார் 1.6 லட்சம் சதுர அடி எல்.இ.டி. திரை தலைக்கு மேலே வளைந்து நிற்கிறது. தெருக்களில் இதே வேலையைச் செய்வது 'புரொஜெக்‌ஷன் மேப்பிங்'. கட்டடத்தின் மேடு பள்ளத்தை அளந்து, அதற்கேற்ப படத்தை வளைத்துப் பாய்ச்சினால் சுவரே அசைவதுபோல் இருக்கும்.

ஊருக்கு இது புதுசா?

இல்லை. மதுரை திருமலை நாயக்கர் மகாலில் ஒலி-ஒளிக் காட்சி 1981-லேயே வந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அதற்கும் பல தலைமுறை முன்பிருந்தே திரையில்லாத அனுபவம் இருக்கிறது. ஆடிப்பூரத்தின் 5-ம் நாள் ஐந்து கருட சேவை, 9-ம் நாள் தேரோட்டம். தவில் அதிர, வடம் பிடித்தவர்களும் வேடிக்கை பார்ப்பவர்களும் ஒரே கூட்டமாகிவிடுகிறார்கள். மார்கழி விழாவில் குல்லாய் அணிந்து, கையில் தாளத்தோடு அரையர் பாசுரம் பாடி அபிநயிக்கிறார். தெருவில் மயிலையும் சாமியையும் பல்புகளில் ஓட விடும் 'சீரியல் செட்' கலைஞர்கள் செய்வதும் ஒளிக்கலைதான்.

அப்புறம் என்ன சிக்கல்?

முதலாவது, சத்தம். சப்-வூஃபர் அதிரும் இடத்தில் நாதஸ்வரம் எடுபடாது. இரண்டாவது, காசு. வெளியூர் ஈவென்ட் கம்பெனிக்கு கான்ட்ராக்ட், உள்ளூர்க் கலைஞருக்குச் சால்வை என்று முடிந்தால் அது கலை வளர்ச்சி இல்லை. மூன்றாவது, கோபுரம். 11 நிலை, 192 அடி உயரம், தமிழக அரசு முத்திரையோடு சேர்த்துப் பேசப்படும் கோபுரம் அது. அதன் மேல் படம் ஓட்டினால், கோபுரத்தைப் பார்க்க வந்தவர் படத்தைப் பார்த்துவிட்டுப் போவார். கோபுரம் வெறும் திரையாகிவிடும்.

எங்கே சரியாக நடந்தது?

பிரான்ஸின் லியோன் நகரம். 1852 டிசம்பர் 8 அன்று மாதா சிலைக்காக மக்கள் தங்கள் ஜன்னல்களில் விளக்கேற்றினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய பிரமாண்ட ஒளித் திருவிழா. கட்டடங்களில் இப்போது படம் ஓடுகிறது. ஜன்னல் விளக்குகளும் எரிகின்றன. மக்கள் செய்துவந்ததை அழிக்காமல், அதன் மேல் கட்டியதால் அது நின்றது.

இங்கே என்ன செய்யலாம்?

கோபுரத்தையும் தேர் நாளையும் விட்டுவிடலாம். வேறொரு மாலையில், தேர் வீதிக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடச் சுவர் போதும். அரையர் சேவையைப் பார்த்தும் பொருள் புரியாத இளைஞர்கள் நிறையப் பேர். அந்தப் பாசுரக் கதைகளை அங்கே படமாக ஓட்டலாம். இசை நேரடியாக வாசிக்கப்பட வேண்டும்; படம் அதன் பின்னால் போக வேண்டும். விளக்கு வேலை சீரியல் செட் போடும் உள்ளூர் ஆட்களுக்கு, பேசிய கூலியோடு.

'இப்படி ஏதாவது செய்தால்தானே யூத் வருவாங்க?' என்று கேட்கலாம். அவர்கள் ஏற்கெனவே பஸ் பிடித்து வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். எல்.இ.டி. சுவர் அவர்கள் இருக்கும் ஊரிலேயே இருக்கிறது. இவ்வளவு தூரம் வருவது அங்கே கிடைக்காத ஒன்றுக்காக.