மழலையர் காப்பகத்தில் திரை வேண்டா

பிறர் முகத்தை நோக்கியும், கேட்ட குரலுக்கு எதிர்க்குரல் கொடுத்தும், கைக்கெட்டிய பொருள்களைத் தொட்டுத் தடவியுமே சிசுக்களின் அறிவு விருத்தியடைகிறது. ஆதலால், இரண்டு வயது நிறையாதவர்களுக்குத் திரையே கூடாதென்றும், அதன்பின் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாதென்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பரிந்துரைத்தது. பிரான்சு தேசமோ 2025-இல் அதனினும் ஒரு படி மேலே சென்று, காப்பகங்களிலும், தம் இல்லத்திலேயே பிறர் குழந்தைகளைப் பேணும் பராமரிப்பாளரிடத்தும், மூன்று வயதுக்குட்பட்டோருக்குத் திரை காட்டுவதைத் தடை செய்தது சாலச் சிறந்த காரியமாகும். ஆயினும், பல குழந்தைகளை ஒருத்தியிடமே ஒப்படைத்துவிட்டு, அவள் களைப்பு மிகுதியால் தொலைக்காட்சியை இயக்கும்போது அவளைப் பழித்தல் நியாயமன்று. தடை விதிக்கும் எந்த அரசும் தக்க ஊதியத்தையும் போதிய துணையாட்களையும் அவளுக்கு அளிப்பதைத் தன் பிரதான கடமையாகக் கொள்ள வேண்டும்.