தறிக்குழியை மூடிய வீடுகளுக்குப் போவோம்



நமக்கு நேரமில்லை. கடையநல்லூர்த் தெருக்களில் வீட்டுக்கு வீடு தறிச்சத்தம் கேட்ட நாளைப் பார்த்தவர்களுக்கு இன்று எண்பது வயது. தறிக்குழியை மண் போட்டு மூடி, மேலே டைல்ஸ் பதித்த கூடத்தில் அவர்கள் படுத்திருக்கிறார்கள். அச்சன்புதூரிலிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடுகிற தூரம்தான். இன்னும் நாம் போய்க் கேட்கவில்லை.

கேட்க வேண்டியது கொஞ்சமா? நூல் விலை ஏறி, கூலி தேய்ந்து, தறி சோறு போடாத காலத்தில் கடையநல்லூர் நெசவாளர்களும் தென்காசிப் பக்கத்து முஸ்லிம்களும் சிங்கப்பூருக்குக் கப்பலேறினார்கள். மற்ற பல ஊர்களிலிருந்து ஆண்கள் தனியாகப் போனார்கள். கடையநல்லூரார் பெண்டு பிள்ளைகளோடு போனார்கள். தஞ்சோங் பகாரில் குடியேறி, ஆண்கள் துறைமுகத்திலும் பிரிட்டிஷ் படைத்தளங்களிலும் உடம்பால் உழைத்தார்கள். பெண்கள் மசாலா அரைத்து விற்றார்கள். 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கைத் தொடங்கினார்கள். 1946இல் அந்த அமைப்பே உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியை எழுப்பியது. கூலி வேலை பார்த்தவர்கள் அயல்நாட்டில் தமிழுக்கென்று கட்டிய பள்ளி அது! 1971இல் பிரிட்டிஷ் படை சிங்கப்பூரைவிட்டு வெளியேறியபோது அந்த வேலைகளும் போயின. ஊர் திரும்பியவர்கள் பலர். 1982இல் பள்ளியும் மூடப்பட்டது.

சிங்கப்பூரில் 1979 முதல் சாமானியர்களின் பேச்சையும் அரசே வாய்மொழி வரலாறாகப் பதிவுசெய்து காப்பகத்தில் வைக்கிறது. ஆனால் கப்பலேறியவர்கள் புறப்பட்ட ஊர் நம்முடையது. அவர்கள் ஏன் போனார்கள், தறியை யாரிடம் விட்டுப் போனார்கள், வட்டிக்கு வாங்கிய கப்பல் கூலியை யார் கட்டினார்கள் என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது.

‘காலம் மாறியது, தொழில் தானாக அழிந்தது’ என்பார்கள். அதை ஏற்காதீர்கள். 1985இல் 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கு மட்டுமே என்று ஒதுக்கி நாடாளுமன்றம் சட்டம் போட்டது. பிறகு அது 11 ஆகக் குறைக்கப்பட்டது. 2009-10 கணக்கெடுப்பில் நாடெங்கும் 43 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள்; 2019-20இல் 35 லட்சம். அடுத்த ஆண்டே, 2020 ஜூலையில், அகில இந்தியக் கைத்தறி வாரியத்தைக் கலைத்தார்கள். ஒவ்வொன்றும் யாரோ எடுத்த முடிவு, தோழர்களே. எழுதி வைக்காவிட்டால் நாளை அது இயற்கைச் சாவாகிவிடும்.

கைத்தறிக்கு நடந்தது இப்போது பீடிக்கு நடக்கிறது, அதுவும் நம் தெருவிலேயே. சுளகை மடியில் வைத்து, கத்தரியால் இலை வெட்டி, முதுகு வளைந்துபோன நம் தாய்மார்கள் ஒரு வரலாற்றின் கடைசித் தலைமுறை. அவர்கள் பிள்ளைகள் சுற்ற வரமாட்டார்கள்; வரவும் வேண்டாம், அந்தத் தூள் தின்ற நெஞ்சுகள் போதும். ஆனால் அவர்கள் சுற்றியதற்குச் சாட்சி வேண்டும். வீட்டிலிருந்து சுற்றுகிறவருக்கும் வருங்கால வைப்புநிதி உண்டு என்று 1985இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. அப்படியும் ஒருத்தி பேரில் பாஸ்புக், இன்னொருத்தி கையில் வேலை என்று எத்தனை வீடுகள்! நலநிதிக்காகப் பீடிமேல் வாங்கிய தீர்வையும் 2017இல் ஜிஎஸ்டியோடு போய்விட்டது. எந்த வருஷம், எந்தக் கடைக்கு, யார் சுற்றினார் என்று இன்று நாம் எழுதும் ஒரு வரி நாளை ஒரு கிழவியின் பென்ஷன் மனுவுக்குத் துணை நிற்கலாம்.

அதனால் சொல்கிறேன், இது பழம்பெருமை பேசும் வேலை அல்ல. பாவு ஓடியவர், கஞ்சி போட்டவர், தார் சுற்றிய சிறுபிள்ளைகள், அனுமன் நதித் தண்ணீரை முறை வைத்து மடை திறந்துவிட்டவர்கள், நாற்று நட்ட பெண்கள் எல்லாரும் நம் கணக்கில் வரவேண்டும். சாதி பார்த்து, மதம் பார்த்து ஒரு வீட்டைத் தாண்டிப் போகிற கை நமக்கு வேண்டாம். கொடுமை செய்தவர்களின் பெயர் வந்தாலும் சொன்னபடியே எழுதுங்கள்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு அச்சன்புதூர் பஸ் நிறுத்தத்துக்கு வாருங்கள். இரண்டிரண்டு பேராகப் பிரிவோம். ஒருவர் கேட்க, ஒருவர் எழுத. செல்போனில் பதிவு செய்வதாயிருந்தால் முதலில் அனுமதி கேளுங்கள். கூலிச் சீட்டு, சொசைட்டிப் புத்தகம், பீடிக்கடைப் பாஸ்புக், சிங்கப்பூர்க் கடிதம் எது கிடைத்தாலும் அங்கேயே படம் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். மூலத்தை எடுத்து வராதீர்கள். முதலில் கேட்க வேண்டியது கூலியை: எவ்வளவு கிடைத்தது, எதற்குப் பிடித்தார்கள், யார் பிடித்தார்கள். வீட்டு ஆண்கள் முன்வந்து பேசுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அடுக்களைப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் பேசாமல் அந்த வீட்டுப் படி இறங்காதீர்கள்.