கத்துறது வேற, கால் அவுட் வேற

"கால் அவுட்"னா என்னன்னு நம்ம பசங்ககிட்ட கேட்டுப் பாருங்க. இன்ஸ்டால ஒருத்தனை ஸ்டோரி போட்டுக் கிழிக்கிறதுன்னு சொல்வாங்க. தப்பில்ல, டிக்ஷனரியிலயும் அது இருக்கு. ஆனா அடிப்படை அர்த்தம், அடுத்தவர் காதுல விழுற மாதிரி சத்தமா சொல்றது. அவசரத்துக்கு ஃபயர் சர்வீஸை வரவழைக்கிறதும் கால் அவுட்தான். தமிழ்ல இந்த மூணுக்கும் தனித்தனி சொல் இருக்கு: தட்டிக் கேட்பது, குரல் கொடுப்பது, ஆள் கூப்பிடுவது.

"ஷவுட் அட்" இதுல சேராது. அது திட்டுறது. நம்ம குழப்பமே இங்கதான். "அப்பா சத்தம் போட்டார்"னா திட்டினார்னுதான் அர்த்தம். ஸ்கூல்ல வாய் திறந்தா லீடர் போர்டுல பேரை எழுதுவான். குரலை உயர்த்துறதே மரியாதைக் குறைவுன்னு பழகிட்டு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு இன்பிளான்ட் ட்ரெய்னிங் போறோம்.

அங்க ஸ்டீல் ரோலிங் மில்லுக்குள்ள நின்னு பாருங்க. கை நீட்டுற தூரத்துல இருக்கிறவர்கிட்டயே கத்திப் பேச வேண்டியிருந்தா, சத்தம் 85 டெசிபலைத் தாண்டியிருக்கும்னு ஒரு கணக்கு உண்டு. காதுல பிளக் வேற. மேல கிரேன்ல லோடு வருது, கீழ சீனியர் ஒருத்தர் முதுகைக் காட்டி நிக்கிறார். நம்மாளு "எக்ஸ்க்யூஸ் மீ சார்..."னு ஆரம்பிப்பான். "தள்ளு!" போதுங்க. அந்த "ங்க"வை அப்புறம் சேர்த்துக்கலாம். நிக்கிறவர் பீகார்க்காரர்னா "ஹட்டோ!" தெரிஞ்சிருக்கணும்.

அதே கும்மிடிப்பூண்டி வழியா கூடூர் பக்கம் போற எக்ஸ்பிரஸ் இன்ஜின்ல, ஒவ்வொரு சிக்னலுக்கும் லோகோ பைலட்டும் அசிஸ்டென்ட்டும் கையை நீட்டி, நிறத்தை வாய்விட்டுச் சொல்லிக்கணும். ரெண்டு பேருக்கும் கண் நல்லாத்தான் இருக்கு, இருந்தாலும் சொல்லணும். ஜப்பான்ல ரயில்வே ஆராய்ச்சி நிறுவனம் இப்படிக் கை நீட்டிச் சொல்ற பழக்கத்தை 1994-ல ஒரு எளிய வேலையில சோதிச்சப்போ, தவறுகள் சுமார் 85 சதவீதம் குறைஞ்சுது.

நமக்கு வராத வித்தையும் இல்ல. ராத்திரி ஹாஸ்டல்ல பிஜிஎம்ஐ ஆடும்போது கேளுங்க: "லெஃப்ட்ல ரெண்டு பேர், செகண்ட் ஃப்ளோர்!" எங்க, எத்தனை பேர், எல்லாம் ஒரே மூச்சுல. யாரும் சார் போடுறதில்ல. பிளேஸ்மென்ட் ட்ரெய்னிங்ல கை குலுக்குறதுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குறவங்க, குரல் கொடுக்க பத்து நிமிஷம் ஒதுக்கலாம்.

ஆனா பசங்களை மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்ல. ஒண்ணுமில்லாததுக்குக் குரல் கொடுத்துட்டான்னு ஒரு ட்ரெய்னியை சூப்பர்வைசர் நாலு பேர் முன்னாடி திட்டினா, அடுத்த தடவை அவன் மட்டுமில்ல, பார்த்துட்டு நின்ன நாலு பேரும் வாயைத் திறக்க மாட்டாங்க. கால் அவுட்டைக் கொல்றதே ஷவுட் அட்தான்.

வேலைக்குச் சேர்ற முதல் நாளே இதைக் கேட்டு வெச்சுக்கோங்க: "இந்த லைனை நிறுத்தணும்னா இங்க என்ன வார்த்தை சொல்லிக் கத்தணும்?"