ஸ்டாண்டில் கூடுதல் கட்டணமா? கோர்ட்டுக்கு முன் ஒரு கடிதம்!

காலை 7 மணி. ஒரு பஸ் நிலையம். ஊர் எதுவாகவும் இருக்கட்டும்.

பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் ஸ்கூட்டரில் வருகிறார். திருச்சியில் ஜவுளிக் கடையில் வேலை. வண்டியை ஸ்டாண்டில் விட்டுவிட்டு பஸ் ஏற வேண்டும்.

"அக்கா, 15 ரூபாய் குடுங்க."

"பலகையில 10 ரூபாய்னுதானே தம்பி போட்டிருக்கு?"

"அது பழைய பலகைக்கா. பஸ் கிளம்புது பாருங்க!"

அந்தப் பெண் பஸ்சைப் பார்க்கிறார். கையிலுள்ள சில்லறையைப் பார்க்கிறார். 15 ரூபாயைக் கொடுத்துவிட்டு ஓடுகிறார்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இதைப் படிக்கும்போது, "நமக்கும் இப்படி நடந்ததே!" என்று நினைப்பவர்கள் பலர் இருப்பார்கள்.

5 ரூபாய் சிறு தொகைதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 25 நாள் என்றால் 125 ரூபாய். வருடத்துக்கு 1,500 ரூபாய். பிள்ளைக்கு நோட்டுப் புத்தகமும் செருப்பும் வாங்குகிற பணம் அது. ஒரு ஸ்டாண்டில் நாள்தோறும் எத்தனை வண்டி நிற்கிறது? அதையும் சேர்த்துப் பெருக்கிப் பாருங்கள். தலை சுற்றும்!

இதற்கு நம் மக்கள் இரண்டு வழிதான் கைக்கொள்கிறார்கள். ஒன்று, வாய்ச் சண்டை. இன்னொன்று, வாய் மூடிப் போவது. இரண்டிலும் பயன் இல்லை. மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அது, ஒரு பக்கக் கடிதம். கோர்ட்டு வாசலை மிதிக்கு முன்பே பல தகராறுகளைத் தீர்த்து வைக்கும் சக்தி அதற்கு உண்டு என்பது என் கருத்து.

அபராதமா? கட்டணமா?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அபராதம் வேறு, கட்டணம் வேறு.

ரோட்டில் வண்டியைத் தவறான இடத்தில் நிறுத்தினால் போலீசார் அபராதம் போடலாம். அது சட்டம் கொடுத்த அதிகாரம். ஸ்டாண்டைக் குத்தகைக்கு எடுத்தவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. இடம் கொடுத்ததற்குக் கட்டணம் வாங்கலாம், அவ்வளவுதான். நகராட்சி இடமாக இருந்தால், எவ்வளவு வாங்கலாம் என்பது குத்தகை நிபந்தனையில் இருக்கும்.

"டோக்கன் தொலைந்தால் 500 ரூபாய் அபராதம்" என்று ஒரு ஸ்டாண்டில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எழுதி வைத்ததாலேயே அது வேதவாக்கு ஆகிவிடாது. 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 74-வது பிரிவு இருக்கிறது. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தொகை என்று முன்பே குறித்திருந்தாலும், நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். குறித்த தொகை அதற்கு உச்சவரம்பு. இதுதான் அந்தப் பிரிவின் சாரம். ஆகவே ஆர்.சி. புத்தகத்தைக் காட்டுங்கள். வண்டி உங்களுடையது என்று நிரூபியுங்கள். "நியாயமானதை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று கேளுங்கள்.

"வண்டி தொலைந்தால் நாங்கள் பொறுப்பல்ல" என்று சீட்டில் அச்சடிப்பதும் இப்படித்தான். 1998-ம் ஆண்டு டெல்லியில் உள்ள தாஜ்மகால் ஓட்டலுக்கு ஒருவர் காரில் வந்தார். சாவியை ஓட்டல் ஊழியரிடம் கொடுத்தார். கார் திருடு போயிற்று. "சொந்தப் பொறுப்பில் நிறுத்தவும் என்று சீட்டில் எழுதியிருக்கிறதே!" என்றது ஓட்டல். அந்த வழக்கில் 2019-ம் ஆண்டு நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. வண்டியை ஒப்படைத்துக் கொண்டவர் தம் கவனக்குறைவுக்குப் பொறுப்பேற்றே ஆக வேண்டும். சீட்டில் உள்ள வாசகம் அவரைக் காப்பாற்றாது என்பதே அந்தத் தீர்ப்பு.

நம் பக்கம் சரியா?

நியாயம் கேட்பவர் முதலில் தம் பக்கத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கு இதற்கு நல்ல பாடம்.

செம்ஸ்போர்டு என்ற ஊரில் ஒரு கடைவீதி. அங்கே 2 மணி நேரம் காரை இலவசமாக நிறுத்தலாம். ஒருவர் 56 நிமிடம் கூடுதலாக நிறுத்திவிட்டார். தனியார் கம்பெனி 85 பவுண்டு கேட்டது. அவர் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2015-ம் ஆண்டு தோற்றுப் போனார். காரணங்களில் ஒன்று, அங்கே அறிவிப்புப் பலகைகள் பெரிதாக, எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தன என்பது.

பலகையில் தெளிவாக எழுதியிருந்து, நாம் அதைப் பார்க்காமல் விட்டிருந்தால், கொடுத்துவிடுவதே மரியாதை. பலகையே இல்லை, அல்லது பலகை ஒன்று சொல்ல ஆள் ஒன்று கேட்கிறார் என்றால், அப்போது நியாயம் நம் பக்கம்.

அந்த நாட்டில் இன்னொரு நல்ல வழக்கமும் உண்டு. தனி நபரிடம் கடன் பாக்கி என்று ஒரு கம்பெனி வழக்குப் போடுவதானால், முதலில் கடிதம் அனுப்ப வேண்டும். பதில் சொல்ல 30 நாள் தர வேண்டும். அங்கும் முதலில் கடிதம், பிறகுதான் கோர்ட்டு!

சண்டை யாரோடு?

ஸ்டாண்டில் சீட்டுக் கிழித்துக் கொடுக்கும் பையனோடு சண்டை போடாதீர்கள். அவனும் நம்மைப் போலக் கூலிக்கு நிற்பவன். வெயிலிலும் மழையிலும் நிற்கிறான். எவ்வளவு வாங்க வேண்டும் என்பதை அவன் முடிவு செய்வதில்லை. அவனைத் திட்டினால் நம் வாய்தான் வலிக்கும்.

அவனிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "தம்பி, நான் கொடுத்த பணத்துக்கு ரசீது கொடு."

2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், விதிப்படி ரசீது தராமல் இருப்பதும் முறையற்ற வணிக நடவடிக்கைகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே ரசீது கேட்பது வம்பு அல்ல, நம் உரிமை. ரசீது கொடுத்தால் அதுவே சாட்சி. கொடுக்க மறுத்தால், தேதி, நேரம், கொடுத்த தொகை மூன்றையும் அப்போதே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். செல்போன் இருந்தால் கட்டணப் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான கட்டணம் எவ்வளவு?

நகராட்சிக்குச் சொந்தமான ஸ்டாண்டு என்றால், இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. 2005-ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம்தான் அது. நகராட்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. "ஸ்டாண்டுக்கு நிர்ணயித்த கட்டணம் எவ்வளவு? குத்தகை நிபந்தனைகளின் நகல் வேண்டும்" என்று கேட்டால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும்.

பெரம்பலூரில் ரயில் இல்லை. பஸ்தான் கதி. அரியலூரில் ரயில் நிலையம் உண்டு. ரயில் நிலைய ஸ்டாண்டு ரயில்வேயைச் சேர்ந்தது. நகராட்சிக்கு எழுதிப் பயன் இல்லை. அங்கே குறை என்றால் 139 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். திருச்சி ரயில்வே கோட்ட அலுவலகத்துக்கு எழுதலாம்.

கடிதம் எழுதுவது எப்படி?

பெரிய இலக்கணம் வேண்டாம். கோபமும் வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

"ஐயா, இன்ன தேதி, இன்ன நேரத்தில், இந்த எண்ணுள்ள என் வண்டியைத் தங்கள் ஸ்டாண்டில் நிறுத்தினேன். பலகையில் உள்ள கட்டணம் 10 ரூபாய். என்னிடம் வாங்கியது 15 ரூபாய். ரசீது நகல் இணைத்திருக்கிறேன். கூடுதலாக வாங்கிய தொகையைத் திருப்பித் தர வேண்டும். இனிமேல் சரியான கட்டணமே வாங்க வேண்டும். 15 நாளில் பதில் இல்லையென்றால் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்."

கையெழுத்து, தேதி, முகவரி போடுங்கள். ஒரு பிரதியைக் குத்தகைதாரருக்கு அனுப்புங்கள். இன்னொன்றை நகராட்சி ஆணையருக்கு அனுப்புங்கள். தபாலில், ஒப்புகை கிடைக்கும்படி அனுப்புவது நல்லது. மூன்றாவது பிரதி வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும். அசல் ரசீதை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

எழுதத் தெரியாதவர்கள் தயங்க வேண்டாம். பள்ளிக்கூடம் போகும் மகனையோ மகளையோ எழுதச் சொல்லுங்கள். அவர்களுக்கும் ஒரு படிப்பு ஆகும்.

இந்தக் கடிதம் ஏன் வேலை செய்கிறது? வாய்ச் சண்டை காற்றோடு போய்விடும். கடிதத்துக்குத் தேதி உண்டு, ஒப்புகை உண்டு. பின்னால் யாராவது கேட்டால், "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. குத்தகை விட்ட அலுவலகமும் குத்தகைதாரரைக் கூப்பிட்டு விசாரிக்க ஒரு காரணம் கிடைத்துவிடும்.

பதில் வராவிட்டால்?

அப்போதும் கோர்ட்டுக்கு ஓட வேண்டியதில்லை. நடுவில் சில படிகள் இருக்கின்றன.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. போன் செய்து குறையைப் பதிவு செய்யலாம். எதிர்த்தரப்பைத் தொடர்பு கொண்டு, வழக்கு இல்லாமலே தீர்க்கப் பார்ப்பார்கள்.

திங்கட்கிழமை தோறும் கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கும். அங்கே மனுக் கொடுக்கலாம்.

அடுத்தது, சட்டப்பணிகள் ஆணைக்குழு. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட மற்றும் பழங்குடி மக்களுக்கும், மாற்றுத் திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. உதவி எண் 15100. வழக்குத் தொடுக்கும் முன்பே தகராறை லோக் அதாலத்துக்குக் கொண்டுபோகலாம். கட்டணம் கிடையாது. ஆனால் ஒரு எச்சரிக்கை! அங்கே சமரசத்துக்குச் சம்மதித்துவிட்டால், அது கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம். அப்பீல் கிடையாது. மனம் ஒப்பினால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

இத்தனைக்கும் பிறகுதான் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளோ சேவையோ என்றால் மனுக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. 2 வருடத்துக்குள் மனுச் செய்ய வேண்டும்.

பெரம்பலூர் 1995-ம் ஆண்டு வரை திருச்சி மாவட்டத்தில் இருந்தது. அரியலூர் 2001-ல் தனி மாவட்டம் ஆயிற்று. அடுத்த வருடமே மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. 2007 நவம்பரில் மறுபடி தனியானது. இன்று இரண்டு மாவட்டங்களுக்கும் தனித்தனி ஆணையங்கள் இருக்கின்றன.

புதிய சட்டத்தில் இன்னொரு வசதியும் உண்டு. சென்னையிலோ கோவையிலோ ஏமாந்தவர், தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். செட்டிகுளத்துச் சின்ன வெங்காய விவசாயி, சென்னையில் நடந்ததற்குப் பெரம்பலூரிலேயே நியாயம் கேட்கலாம்!

நகரத்து மால்களில் நிலைமை கொஞ்சம் வேறு. மாலில் நிறுத்தக் கட்டணமே வாங்கக் கூடாது என்று குஜராத் ஐகோர்ட்டு 2019-ல் சொன்னது. வாங்கலாம் என்று கேரள ஐகோர்ட்டு 2025-ல் சொன்னது. ஆகவே மாலில், "ஏன் வாங்கினாய்?" என்று கேட்பதைவிட, "எழுதியிருப்பதற்கு மேல் ஏன் வாங்கினாய்?" என்று கேட்பதே உறுதியான வாதம்.

5 ரூபாய்க்கு இத்தனை பாடா?

"5 ரூபாய்க்காகத் தபால் செலவு செய்வதா?" என்று சிலர் சிரிக்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஒருவர் கணக்கில் அது நஷ்டமே. ஆனால் ஒரு தெருவில் 10 பேர் சேர்ந்து ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டால்? செலவு ஆளுக்குச் சில ரூபாய். பலன் அந்த ஸ்டாண்டில் வண்டி விடும் எல்லோருக்கும்.

நகராட்சிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஸ்டாண்டிலும் பெரிய எழுத்தில், தமிழில், ஒரு பலகை வையுங்கள். கட்டணம், குத்தகைதாரர் பெயர், புகார் எண் மூன்றும் அதில் இருக்கட்டும். தொகை அச்சிட்ட சீட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு பலகையின் விலையில் எத்தனையோ சண்டை நின்றுபோகும். நேர்மையாகத் தொழில் நடத்தும் குத்தகைதாரருக்கும் அது நல்லது.

நாளைக் காலை அந்தப் பெண் மீண்டும் ஸ்டாண்டுக்கு வருவார். பஸ் அதே அவசரத்தில் நிற்கும். பணத்தைக் கொடுக்கட்டும். கூடவே கையை நீட்டி, "ரசீது கொடு தம்பி" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும்.

நியாயம் அந்த ஒரு வார்த்தையில்தான் தொடங்குகிறது!