படகு எழும்பலைன்னா எஞ்சினை மாத்தணுமா? போங்கய்யா!

டொராண்டோவுக்கு வடக்கே சிம்கோ ஏரிக்கரையில கோடையில ஒரு சனிக்கிழமை போய் நின்னு பாருங்க மக்களே. சின்னப் படகு வச்சிருக்கிறவங்க நாலு பேர் கூடினா பேச்சு ஒரே இடத்துலதான் வந்து முடியும்: "இழுவை பத்தலை மாப்ளே, பெரிய எஞ்சினா மாட்டிடு!"

எனக்கும் சொன்னாங்க. என்னுடையது 16 அடி அலுமினியப் படகு, 40 குதிரைசக்தி எஞ்சின். நாலு பேரை ஏத்திக்கிட்டு, நின்ன இடத்திலிருந்து கிளப்பினா மூக்கை வானத்துக்குத் தூக்கும், பின்பக்கம் அமுங்கும், தண்ணியை உழுதுக்கிட்டே போகும். மேலே எழும்பி வழுக்க ஆரம்பிக்க 12 விநாடி.

"12 விநாடிக்கு ஒரு பதிவா?"ன்னு சிரிக்காதீங்க. அந்த 12 விநாடியும் முன்னால தண்ணி தெரியாது, படகோட மூக்குதான் தெரியும். போன வருஷம் அப்படிக் கிளம்பி மூக்கு இறங்கின பிறகுதான் பார்த்தேன், பக்கவாட்டுல ஒரு கயாக். உள்ளே ஒரு அப்பாவும் சின்னப் பொண்ணும். சில அடி தள்ளித் தாண்டியிருக்கேன். அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை.

சரி, பெரிய எஞ்சின்? படகுக்குள்ள ஒட்டியிருக்கிற தகட்டைப் படிச்சீங்களா சாமி? அதிகபட்ச குதிரைசக்தி அதுல இருக்கும். என் படகுக்கு 40. அதுக்கு மேல மாட்டினா ஏற்கெனவே அமுங்குற பின்பக்கத்துல இன்னும் எடை, திரும்பும்போது கவிழவும் வழி. காசு கொடுத்து ஆபத்தை வாங்குறதுக்குப் பேர் முன்னேற்றமா?

நோய் எஞ்சின்ல இல்லைங்க, ப்ரொபெல்லர்ல. என்கிட்ட இருந்தது 13 அங்குல பிட்ச். வழுக்கலே இல்லைன்னா ஒரு சுத்துக்கு 13 அங்குலம் முன்னேறும்னு அர்த்தம். பாரம் ஏத்தின படகுக்கு அது, புல்லட்டை மூணாவது கியர்ல கிளப்புற மாதிரி. முழுசா முறுக்கினா 5000-லிருந்து 6000 ஆர்பிஎம் வரணும்னு என் எஞ்சின் கையேடு சொல்லுது. எனக்கு வந்தது 4700. எஞ்சின் மூச்சு முட்டுதுன்னு வாய்விட்டுச் சொல்லியிருக்கு, நாமதான் கேக்கலை!

பிட்ச் ஒரு அங்குலம் குறைஞ்சா சுமார் 150-லிருந்து 200 ஆர்பிஎம் ஏறும். 11 அங்குலம் மாட்டினேன், 5100 தொட்டுச்சு. உச்ச வேகம் கொஞ்சம் குறைஞ்சது. குறையட்டுமே, மீன் பிடிக்கப் போற எனக்கு ரேஸா? ஆனா ரொம்பக் குறைச்சு 6000-ஐத் தாண்ட விட்டுடாதீங்க, எஞ்சினுக்குக் கேடு.

மீதி எல்லாம் இலவசம். 25 லிட்டர் பெட்ரோல் மட்டுமே கிட்டத்தட்ட 19 கிலோ. டேங்க்கையும் ஐஸ்பெட்டியையும் முன்னால நகர்த்தினேன். அடியில தேங்கின தண்ணியை இறைச்சேன், மூக்கு தூக்கினதும் அது மொத்தமும் பின்னாலதானே ஓடும்! கிளம்பும்போது ட்ரிம்மை முழுசா உள்ளே இழுத்துக்கிட்டு, படகு எழும்பினதும் கொஞ்சம் கொஞ்சமா வெளியே விடறேன்.

இப்போ 6 விநாடி. மூக்கும் முன்ன மாதிரி தூக்குறதில்லை, எதிர்ல தண்ணி தெரியுது.

நிஜமாவே எஞ்சின் சின்னதா இருந்தா மாத்துங்க, தகடு சொல்ற அளவுக்குள்ள. ஆனா டேக்கோமீட்டரையே பார்க்காம "பெரிய எஞ்சின்"னு உபதேசம் பண்ற அண்ணாச்சிகளே, அந்தக் கயாக்ல இருந்தது உங்க பொண்ணா இருந்தா?

திட்டணும்னா பின்னூட்டத்துல திட்டிக்கோங்க. முதல்ல உங்க ஆர்பிஎம் எவ்வளவுன்னு சொல்லிட்டு :-)