உழைப்பில் பிரியம்

போதைக்கு அடிமையானவனைக் கண்டால் நம் பெரிய மனிதர்கள் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்: "மனத்திடம் இல்லாதவன்!" மயக்கும் சரக்கைப் பற்றி வேண்டுமானால் அப்படிச் சொல்லிக்கொள்ளட்டும். தூக்கத்தை விரட்டும் சரக்கு விஷயத்தில் அந்தப் பேச்சு செல்லாது. அதைத் தேடிப் போகிறவர்களில் பலர் சோம்பேறிகளல்ல. சக்திக்கு மேல் உழைக்க வேண்டியிருப்பவர்கள்.

ஜப்பானைப் பாருங்கள். 1893-ல் நாகாய் என்ற ரசாயன நிபுணர் தயாரித்த மெதாம்பெட்டமைன், 1941-ல் 'பிலோபான்' என்ற பெயரில் மருந்துக் கடைக்கு வந்தது. கிரேக்க மொழியிலிருந்து எடுத்த பெயராம். 'உழைப்பில் பிரியம்' என்று அர்த்தமாம்! பெயர் வைத்தவனின் ரசனையே ரசனை. யுத்த காலத்தில் சிப்பாய்களுக்கும், ஆயுதத் தொழிற்சாலைகளில் ராத்திரி ஷிப்டு பார்த்தவர்களுக்கும் கொடுத்தார்கள். அன்று அதை விழுங்கியவன் தேசபக்தன்.

1945-ல் யுத்தம் முடிந்தது; மிச்சமிருந்த சரக்கு கடைத்தெருவுக்கு வந்தது. வீடிழந்தவன், வேலையற்றவன், விடிய விடியக் கதை எழுதிய என் ஜாதிக்காரன் என்று பலரும் வாங்கினார்கள். அந்த மருந்து புதிய பலம் எதையும் தருவதில்லை. மூளையில் டோபமைனை ஒரேயடியாகக் கொட்ட வைத்துக் களைப்பை மறைக்கிறது, அவ்வளவுதான். தெளிந்ததும் களைப்பு வட்டியோடு வந்து நிற்கிறது. அந்தக் கடனை அடைக்க இன்னொரு ஊசி!

1951-ல் தடைச் சட்டம் வந்தது. தேசபக்தன் குற்றவாளியானான். 1954-ல் மட்டும் 55,000-க்கு மேற்பட்டோர் கைதானார்கள். அவர்களில் யாரையாவது, "முதல் மாத்திரையை உன் கையில் கொடுத்தது யார்?" என்று ஒரு நீதிபதியாவது கேட்டிருப்பாரா?